ஐம்பத்திரண்டாம் நாற்காலி

உட்கார்ந்தே இருப்பவர்களை நடந்து நடந்து எண்ணுவதுதான் அவளுடைய வேலை. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு ஸ்டடி ஹால். மூன்றாவது மாடி. ஒன்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று நூற்றெட்டு நாற்காலிகள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் விடுதலை. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். கால் மணிக்கு ஒருமுறை அவள் அட்டையில் செருகிய தாளோடு முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை போய் வருவாள். பிள்ளை விழித்து உட்கார்ந்திருந்தால் சரிக்குறி. நாற்காலி காலியாக இருந்தால் குறுக்குக்கோடு. ஆள் இருந்து கண் மூடியிருந்தால் வட்டம். பிள்ளைகள் அந்த வட்டத்துக்கு முட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்குக் கடிகாரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் பொருத்தமாகவே இருந்ததால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்தில் மூன்று வட்டமோ மூன்று குறுக்குக்கோடோ விழுந்தால் நாற்காலி போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு அன்று மாலையே போன் போகும். அவசரத்துக்குப் போகிறவர்கள் கடிகாரம்மா தங்கள் வரிசையைத் தாண்டியதும் ஓட்டமாக ஓடி, அடுத்த சுற்றுக்குள் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பு அசைவது அதற்கு மட்டும்தான். அதிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்து அந்த ஓட்டத்தையும் மிச்சம் பிடித்தார்கள்.

ஒரு சுற்றுக்கு இருநூற்று நாற்பது காலடி. நாளைக்கு நாற்பத்துநாலு சுற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிட்டுத் தலையைச் சாய்த்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்து ஊரே கூடியபோதும் அவள் எழவில்லை. மறுநாள் எல்லோரும் சொல்லித்தான் தெரியும்.

ஐம்பத்திரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய மகள்.

வேலையோடு சேர்ந்து கிடைத்த நாற்காலி அது. மகள் இரண்டு முறை வீட்டில் இருந்து படித்துத் தேர்வு எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவள். இது மூன்றாவது முறை. வயது வரம்பின்படி இதுதான் கடைசி. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இங்கே தாய் நாளெல்லாம் நடந்துகொண்டிருந்தாள். குட்டி பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, லிஃப்டில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து, வீட்டில் மேசைமுன் உட்கார்ந்தது. ஹாலுக்குள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஏற்பாடு. பேசிக்கொள்ளவும் இல்லை. கால் மணிக்கு ஒருமுறை அம்மா மகளைக் கடந்து போனாள், மற்ற நூற்றேழு பேரையும் போல.

ஆனால் ஒன்று செய்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மகளின் தலை புத்தகத்தின் மேல் சரிந்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்குப் பதறிப்போயிற்று. இரண்டு அடி முன்னாலேயே நின்று, பேனாவின் பின்பக்கத்தால் மேசை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். மகள் நிமிர்ந்தாள். சரிக்குறி. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. எழுப்புவது அவள் வேலையில்லை, எழுதுவதுதான் வேலை என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா. ஒரு நாளில் ஐந்து முறை, ஆறு முறை, சில நாள் பத்து முறைகூட. பக்கத்தில் ஐம்பத்துமூன்றில் இருந்த பெண்ணுக்கு அவள் ஒருமுறைகூடத் தட்டவில்லை. அந்தப் பெண் மூன்று வட்டம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியே போனாள். கடிகாரம்மாவுக்கு அன்று கொஞ்சம் குற்ற உணர்ச்சியும், நிறைய நிம்மதியும் இருந்தது. தன் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்தாள்.

மகளின் கால்கள் வீங்கியபிறகுதான் டாக்டரிடம் போனார்கள். செருப்பு வார் பாதத்தில் பள்ளம் போட்டிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழ நேரம் பிடித்தது. வலிக்கிறதா என்று கேட்டால் மகள், "தெரியல" என்றாள். கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பசிக்கிறதா, தெரியல. படித்தது மண்டையில் ஏறுகிறதா, தெரியல. பரீட்சைப் பயம் என்று அம்மா அதற்கு ஒரு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டிருந்தாள்.

டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி. காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

"ஹால்ல பதினொரு மணி நேரம். வீட்டுல ரெண்டு."

"நடக்கறது?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும்."

"தூக்கம்?"

இதற்கு அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் நல்லா தூங்குவா டாக்டர். ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் படுக்கறோம்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தமில்லை. சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீ படுத்ததும் தூங்கிடுவேம்மா. நான் தூங்கறேனா இல்லையான்னு உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். பிறகு டாக்டரிடம், "படுத்தா தூக்கம் வராது. நாலு மணி அஞ்சு மணிக்குக் கொஞ்சம் கண்ணசரும். ஆறுக்கு எந்திரிக்கணும்."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசமா."

"பகல்ல தூக்கம் வருமா?"

"மத்தியானம் ஹால்ல வரும். தானா கண்ணு சொக்கும். ஆனா தட்டி எழுப்பிடுவாங்க."

"யாரு?"

"அங்க சுத்தி வர்ற அம்மா."

டாக்டரம்மாவுக்கு அது யாரென்று தெரியாது. மகள் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மடியில் இருந்த பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ உடைந்திருக்க வேண்டும். ஆனால் உடைந்த சத்தம் கேட்கவில்லை. எங்கோ தூரத்தில் யாருக்கோ நடந்தது போல இருந்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். தொட்டிலை ஆட்டுவதாக நினைத்துக்கொண்டே எட்டு மாதம் கிள்ளியவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"மூளை மட்டும் நாள் பூரா ஓடுது, உடம்பு அசையவே இல்ல," என்றார் டாக்டரம்மா. "அசையாத உடம்பு எப்படிம்மா களைக்கும்? களைக்காம எப்படித் தூங்கும்? அப்படியும் பகல்ல கொஞ்சம் வருது, அதையும் உடைச்சிடறாங்க. மாத்திரை இப்ப வேணாம். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும். காலையில முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் வெளியில நடக்கணும். மூணு வாரம் செஞ்சுட்டு வா."

எழுந்து நடந்தால் குறுக்குக்கோடு விழும் என்று மகள் அவருக்குச் சொல்லவில்லை. சரி என்றாள்.

மறுநாள் கடிகாரம்மா சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"அரை மணிக்கொரு தடவை அஞ்சு நிமிஷம் எந்திரிச்சு நடந்துட்டு வரட்டும் சார். டாக்டர் சொல்லியிருக்காங்க."

"உங்க பொண்ணு ஒருத்தின்னா பரவால்லம்மா. அவ எந்திரிச்சா மத்தவங்க கேப்பாங்க. நூத்தெட்டு பேரும் எந்திரிச்சு நடந்தா அது ஸ்டடி ஹாலா, பார்க்கா?"

"கால் வீங்கியிருக்கு சார்."

"அஞ்சு வாரம்தானே இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

அன்று பஸ்ஸில் அவள் மகளிடம் கேட்டாள். "ஹாலை விட்டுடேன். வீட்டுல இருந்து படி. நேரத்துக்கு நட, நேரத்துக்குத் தூங்கு."

"வேணாம்."

"உடம்பு கெட்டுப் போச்சுன்னா பரீட்சை எழுதி என்ன பிரயோஜனம்?"

"வீட்டுல இருந்துதாம்மா ரெண்டு தடவை போச்சு. அஞ்சு வாரம். அப்புறம் தூங்கிக்கறேன்."

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று ஒரு பழமொழி. தூக்கம் வந்துவிட்டால் கட்டாந்தரையும் போதும் என்று அர்த்தம். சொன்ன புண்ணியவான் வரப்பில் வேலை செய்தவனாக இருப்பான். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு மெத்தையைப் போட்டுக் கொடுத்தாலும் தூக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். தினமும் இரண்டு மணிச் சுற்றில் ஐந்தாம் வரிசைக்கு வந்ததும் கை தானாகத் தட்டிவிடும். தட்டாவிட்டால் வட்டம். வட்டம் மூன்றானால் நாற்காலி போகும், நாற்காலி போனால் மகளின் கடைசி வாய்ப்பும் போகும். தட்டினால் தூக்கம் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிற சந்துக்குள் அவள் நாளுக்கு நாற்பத்துநாலு முறை நடந்தாள்.

ஐம்பத்துமூன்றாம் நாற்காலிப் பெண் விட்டுப்போன புத்தகங்களை எடுக்க வந்தது அந்த வாரம்தான். கடிகாரம்மாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. போகும்போது கண்ணுக்குக் கீழே கருவளையமும் முகத்தில் பருவுமாகப் போனவள். இப்போது வெயிலில் கறுத்து, கன்னம் நிறைந்து, நகக்கண்ணில் மண்ணோடு நின்றாள். மாமாவின் செடிப் பண்ணையில் தொட்டி தூக்குகிறாளாம்.

"என் மேல கோவமா இருப்பே," என்றாள் கடிகாரம்மா. மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருந்துச்சு ஆன்ட்டி. போன அன்னிக்கு அழுதுக்கிட்டே படுத்தேன். அழுதுக்கிட்டே தூங்கிட்டேன். மறுநாள் மத்தியானம்தான் எந்திரிச்சேன்."

"இப்போ?"

"எட்டரைக்கே கண்ணைச் சுத்துது. மாமா திட்டறாரு, தூங்குமூஞ்சின்னு."

"பரீட்சை?"

"எழுதறேன். வருதோ இல்லையோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று சிரித்தாள். புத்தகக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள். அவளுடைய காலடிச் சத்தம் கீழ்த்தளம் வரை சீராகக் கேட்டது.

கடிகாரம்மா அன்று மட்டும் ஒரு சுற்றுக்குத் தாமதமாகப் போனாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டேகால் சுற்று. ஐம்பத்திரண்டில் தலை கவிழ்ந்திருந்தது. வழக்கம்போல இரண்டு அடி முன்னால் கால் நின்றது. பேனா கையில் திரும்பியது. மகளின் பிடரியில் முடி ஒட்டிக்கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புத்தகத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து அதன்மேல் கன்னத்தை வைத்திருந்தாள். மூன்று வயதில் இப்படித்தான் தூங்குவாள். அம்மாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேனாவை நேராகப் பிடித்து, தாளில் ஐம்பத்திரண்டுக்கு நேராக ஒரு வட்டம் போட்டாள். நன்றாக, இரண்டு முனையும் சேரும்படி போட்டாள்.

இரண்டரைக்கு இன்னொன்று.

இரண்டே முக்காலுக்கு ஐந்தாம் வரிசையின் முனையில் சற்று நேரம் நின்றாள். ஐம்பத்தொன்றில் இருந்த பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கடிகாரம்மாவைப் பார்த்தாள், தூங்குகிறவளைப் பார்த்தாள், எழுப்பிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். கடிகாரம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மூன்றாவது வட்டத்தைப் போட்டாள்.

நாற்காலி போய்விட்டது. இனிமேல் போடுகிற வட்டங்களுக்கு அர்த்தமில்லை. ஆனாலும் மூன்றுக்குப் போட்டாள், மூன்றேகாலுக்குப் போட்டாள். நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது எட்டு இருந்தது. இரண்டு மணி நேரத் தூக்கம் ஒரே கோட்டில் வரிசையாகக் கிடந்தது.

மகள் தானாகவே விழித்தாள். நாலேகால் சுற்றில் அம்மா பக்கத்தில் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் வெளிச்சம் இடம் மாறியிருந்ததைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். ஹாலுக்குள் அவள் அம்மாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எத்தனை?"

"எட்டு."

"நான் வேணாம்னு சொன்னேன்."

"சொன்னே."

"எட்டு மாசம் எழுப்பினே. அப்பவே விட்டிருந்தா பட்டியல்ல நின்னு திரும்பவும் இடம் வாங்கியிருப்பேன். இன்னும் அஞ்சு வாரம் எழுப்பியிருந்தா பரீட்சையாவது முடிஞ்சிருக்கும்." குரல் உயரவில்லை. பாடத்தில் ஒரு வரியை வாசிப்பது போலச் சொன்னாள். "ரெண்டையும் நீ தப்பான நேரத்துல செஞ்சிட்டேம்மா."

சொன்னது முழுக்க உண்மை. மகள் புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். எழுந்தபோது கால் மரத்துப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவின் கை தாங்கப் போய், போன வழியே திரும்பி வந்தது. பிறகு மகள் நொண்டியபடியே வெளியே நடந்தாள்.

ஐந்து மணிக்குத் தாள் மாற்றும்போது சூப்பர்வைசர் ஐம்பத்திரண்டைப் பார்த்தார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க பொண்ணுதானே?"

"ஆமா சார்."

"நீங்களே போட்டதா?"

"தூங்கினா. போட்டேன்."

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேற தாள் தர்றேன். உக்காந்து திருப்பி எழுதிடுங்க. இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். நான் எதையும் பாக்கல."

நல்ல மனுஷன். சட்டத்தை மீறுவதற்கு ஒரு தகப்பனாக அவருக்கு ஐந்து வினாடிதான் பிடித்தது. அவளுக்கும் அந்தப் புதிய தாளை வாங்கிக்கொள்ளக் கை துறுதுறுத்தது. வாங்கினால் நாளைக்கு மகள் வந்து உட்காருவாள். இரண்டு மணிக்குத் தலை சாயும். இரண்டேகாலுக்கு மறுபடி பேனாவோடு போய் நிற்க வேண்டும்.

"வேணாம் சார். பட்டியல்ல இருக்கறவங்களுக்குப் போன் பண்ணிடுங்க."

எட்டு மணி வரை மிச்சச் சுற்றுகளைச் சுற்றினாள். வேலை வேலைதானே. ஒவ்வொரு முறையும் ஐம்பத்திரண்டு காலியாக இருந்தது, ஒவ்வொரு முறையும் குறுக்குக்கோடு போட்டாள். என்ன நினைத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளும், தெரியல என்றுதான் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் குறுக்கே கிடந்தாள். செருப்பில் புழுதி ஏறியிருந்தது. பஸ்ஸில் வரவில்லை. அவ்வளவு தூரமும் கோபத்தில் நடந்தே வந்திருக்கிறாள். அம்மா வார்களைத் தளர்த்திச் செருப்பை உருவியபோதும், விளக்கைப் போட்டு அணைத்தபோதும், பாத்திரம் ஒன்று கை தவறி விழுந்தபோதும் அவள் அசையவில்லை.

காலை ஏழேகாலுக்கு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது மகள் பாதிக் கண் திறந்தாள்.

"மணி என்ன?"

"ஏழேகால். நீ படு."

மகள் கூரையைப் பார்த்தாள். ஹாலுக்குப் போக வேண்டியதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்ததை அம்மா அந்த முகத்தில் பார்த்தாள். நினைவு வந்ததும் அந்த முகம் சுருங்கியது. பல மாதத்துக்குப் பிறகு அதில் ஏதோ ஒன்று தெரிந்தது. அது வெறுப்பாகவே இருந்தாலும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் இடத்துக்கு ஆள் வந்தாச்சா?"

"இன்னைக்கு வரும். ஒரு பொண்ணு."

மகள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.

"அவ தூங்கினா எழுப்பாதே," என்றாள்.

அம்மா வாசலில் நின்றபடி, சரி என்றாள். அவள் சொன்னதைக் கேட்க மகள் விழித்திருக்கவில்லை.